வெளி ரிப்போர்ட்டில் மொழிக் குறைபாடு, பள்ளியில் "தகுதி இல்லை": அடுத்து என்ன செய்யலாம்? (கலிபோர்னியா, 2ஆம் வகுப்பு)

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். பையனுக்கு 7 வயது 8 மாதம். கலிபோர்னியாவில் பப்ளிக் ஸ்கூல், 2ஆம் வகுப்பு. வீட்டில் தமிழ் மட்டும்தான், ஆங்கிலம் கிண்டர்கார்ட்டனில்தான் ஆரம்பித்தான். பள்ளிப் பதிவில் இன்னும் "இங்கிலீஷ் லேர்னர்".

இன்சூரன்ஸில் வெளியே பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட் மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று டயக்னோஸ் செய்து, டிஸ்லெக்சியாவும் (வாசிப்புக் குறைபாடு) இருக்கலாம், வாசிப்பைச் சோதியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பள்ளியில் கொடுத்தோம். அவர்களுடைய ஸ்பீச் தெரபிஸ்ட் மட்டும் ஒரு மதிப்பீடு செய்தார். செல்ஃப்-5 என்ற மொழித்திறன் டெஸ்டில் கோர் லாங்குவேஜ் (மொத்த) ஸ்கோர் 79. உள்ளே இருப்பது: வாக்கியப் புரிதல் 9, சொல்லமைப்பு 4, வாக்கியம் அமைத்தல் 8, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுதல் 5.

கூட்டத்தில் சிறப்புக் கல்விக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 79 என்பது கட்-ஆஃபான 77.5க்கு மேல் இருக்கிறதாம். இரண்டு மொழிப் பிள்ளை என்பதால் வரும் தாமதம்தானாம். ரிப்போர்ட் கார்டு கிரேடு லெவலுக்குப் பக்கத்தில் இருப்பதால் படிப்பு பாதிக்கப்படவில்லையாம். வாசிப்புக்கு ஐந்தாறு மாதம் சிறு குழுப் பயிற்சி கொடுத்துவிட்டு, அப்புறம் டெஸ்ட் பற்றிப் பேசலாம் என்கிறார்கள்.

வெளி ரிப்போர்ட் இருந்தும் பள்ளி மறுக்க முடியுமா? கூட்டத்தில் கொடுத்த முடிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? வீட்டில் தமிழை நிறுத்தினால் நல்லது என்று ஒருவர் சொன்னார், அதுவும் குழப்பமாக இருக்கிறது.

தாமிரபரணி (பெற்றோர்களுக்காக ஐ.இ.பி., அதாவது சிறப்புக் கல்வித் தனித்திட்டம், பற்றிய வழிகாட்டுதல்)

கையெழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டத்தில் கலந்துகொண்டதற்கான இடத்தில் தாராளமாகப் போடுங்கள். "முடிவை ஏற்கிறேன்" என்ற இடத்தில் போடாதீர்கள். அங்கே "தகுதி முடிவை ஏற்கவில்லை, விவரம் தனிக் கடிதத்தில்" என்று எழுதித் தேதி போட்டால் போதும்.

வெளி ரிப்போர்ட் இருந்தும் மறுக்க முடியுமா என்றால், முடியும். டயக்னோசிஸ் வேறு, சிறப்புக் கல்விக்கான தகுதி வேறு. ஐடியா என்கிற மத்தியச் சட்டப்படி மூன்றும் சேர்ந்தால்தான் தகுதி: சட்டத்தில் உள்ள 13 வகைகளில் ஒன்றில் குழந்தை பொருந்த வேண்டும், அந்தக் குறைபாடு கல்வியைப் பாதிக்க வேண்டும், அதனால் சிறப்புக் கல்வி தேவைப்பட வேண்டும். வெளி ரிப்போர்ட்டைப் பரிசீலிக்கப் பள்ளி கடமைப்பட்டது, அப்படியே ஏற்கக் கடமைப்பட்டதல்ல. ஆனால் பரிசீலித்தோம் என்று வாயால் சொன்னால் ஆகாது. ரிப்போர்ட்டின் எந்தப் பகுதியை ஏன் ஏற்கவில்லை என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இங்கே பிரையர் ரிட்டன் நோட்டீஸ் (பள்ளி தன் முடிவை எழுத்தில் தரும் அறிவிப்பு)தான் உங்கள் கையில் உள்ள முக்கியமான கருவி. பள்ளி ஒன்றைச் செய்ய மறுத்தால் என்ன மறுக்கிறது, ஏன், எந்த டெஸ்ட், எந்தப் பதிவை வைத்து அந்த முடிவு, வேறு எந்த வழிகளை யோசித்துத் தள்ளியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல பள்ளிகள் கேட்காமல் இதை ஒழுங்காகத் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள். "இரண்டு மொழிதான் காரணம்" என்று கூட்டத்தில் சொல்லிவிடுவது எளிது. அதே வரியை ஆதாரத்தோடு எழுதித் தரச் சொன்னால், தமிழில் எந்த மதிப்பீடும் செய்யவில்லை என்பது அவர்கள் எழுத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

கிரேடு லெவல் வாதம் சட்டப்படி பலவீனமானது. குழந்தை ஃபெயிலாகாமல் வகுப்புக்கு வகுப்பு ஏறிக்கொண்டிருந்தாலும் தகுதி உண்டு என்று மத்திய விதி 300.101 தெளிவாகச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாட்டுக்குக் கல்விப் பாதிப்பு என்பது மதிப்பெண் மட்டுமல்ல என்று மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2007இல் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்க முடிகிறதா, வரிசையாகச் சொல்லும் மூன்று நான்கு கட்டளைகளைப் பின்பற்றுகிறானா, குழு வேலையில் பேசுகிறானா, எழுதிய பத்தியில் வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்பதெல்லாம் கல்வி நிலைதான். டீச்சரிடம் இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டு இமெயிலில் பதில் வாங்குங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்டால் "டூயிங் ஓகே" என்றுதான் வரும், அந்த ஒரு வரி அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

குறிஞ்சி (பள்ளி ஸ்பீச் தெரபிஸ்ட்)

ஸ்கோர் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோர் ஸ்கோரின் சராசரி 100, திட்ட விலக்கம் (ஸ்கோர்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 15. கலிபோர்னியா விதி கேட்பது 1.5 திட்ட விலக்கம் கீழே, அதாவது 77.5, அல்லது 7ஆவது பெர்சன்டைலுக்கு (நூறு பிள்ளைகளில் கீழிருந்து ஏழாவது இடத்துக்கு)க் கீழே. 79 என்பது 8ஆவது பெர்சன்டைல். உள் டெஸ்டுகளின் சராசரி 10, விலக்கம் 3. அங்கே 1.5 விலக்கம் கீழே என்றால் 5.5. சொல்லமைப்பு 4, திருப்பிச் சொல்லுதல் 5, இரண்டும் அதற்குக் கீழேதான். நன்றாகச் செய்த இரண்டு பகுதிகள் மொத்த ஸ்கோரை மேலே இழுத்துவிட்டன. மாநில விதியோ சொல்லமைப்பு, வாக்கிய அமைப்பு, பொருள், பயன்பாடு ஆகிய துறைகளில் "ஒன்று அல்லது அதற்கு மேல்" என்கிறது. மொத்த ஸ்கோரை மட்டும் வைத்து முடிப்பது விதியின் நோக்கம் அல்ல.

அந்த விதியில் இரண்டு பாதைகள் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்டாண்டர்டு டெஸ்டுகளில் 1.5 விலக்கம் கீழே இருப்பது முதல் பாதை. ஒரே டெஸ்டின் இரண்டு பகுதிகள் இரண்டு டெஸ்டுகள் ஆகாது என்று டிஸ்ட்ரிக்ட் (பள்ளி மாவட்ட நிர்வாகம்) வாதிடலாம். அதனால் உங்களுக்கு இரண்டாவது பாதைதான் முக்கியம்: ஒரு டெஸ்டில் குறைவு, கூடவே குழந்தை இயல்பாகப் பேசிய குறைந்தது 50 கூற்றுகளைப் பதிவு செய்து அல்லது எழுத்தாக்கி அலசியதில் தெரியும் குறை. அந்த அலசல் ரிப்போர்ட்டில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து "லாங்குவேஜ் சாம்பிள்" பகுதியைப் பாருங்கள். "உரையாடலில் பேச்சு வயதுக்கு ஏற்றதாக இருந்தது" என்று ஒரே வரி இருந்தால் அது அலசல் அல்ல. எத்தனை கூற்றுகள், சராசரி நீளம், எந்த வகைத் தவறு எத்தனை முறை என்று இருக்க வேண்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செல்ஃப்-5 ஆங்கிலத்துக்காக உருவான டெஸ்ட். சொல்லமைப்புப் பகுதி சோதிப்பது ஆங்கிலப் பன்மை, இறந்தகாலம் போன்றவற்றை. தமிழ்க் குழந்தை தமிழின் வழியாகவே தவறு செய்யும் இடங்கள் அவை. "டூ புக்" என்று சொன்னால் அது "ரெண்டு புக்கு" என்ற நம் பேச்சின் நிழல். "ஹி டாக்டர்" என்றால் "அவர் டாக்டர்" என்பதில் வினைச்சொல் இல்லாததன் நிழல். ஏ, த என்ற ஆர்ட்டிகிள்கள் விடுபடுவதும் அப்படியே. இவற்றை மட்டும் வைத்து 4 வந்திருந்தால் அது குறைபாட்டுக்கு ஆதாரமாகாது.

தமிழால் விளக்க முடியாத தவறுகளைத்தான் தேட வேண்டும். அவன், அவள் என்ற வேறுபாடு தமிழில் உண்டு, எனவே 7 வயதில் "ஹி"யையும் "ஷி"யையும் குழப்புவதைத் தமிழ் மேல் போட முடியாது. ஒலியிலும் அப்படித்தான். "காக்கா" என்பதை "தாத்தா" என்றும் "கார்" என்பதை "டார்" என்றும் சொல்கிற பிள்ளைக்குப் பின்நாக்கு ஒலி இரண்டு மொழியிலும் வரவில்லை, அது குறைபாடு. "ஃப"வுக்குப் "ப" வருவது போன்றவை மொழி வேறுபாடாக இருக்கலாம்.

தமிழிலும் மதிப்பிட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தை எந்த மொழியில், எந்த முறையில் செய்தால் சரியான தகவல் கிடைக்குமோ அதில் மதிப்பிட வேண்டும், அது தெளிவாகச் சாத்தியமில்லாவிட்டால் மட்டும் விலக்கு என்பது மத்திய விதி. தமிழுக்கு ஸ்டாண்டர்டு டெஸ்ட் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் கதை சொல்லச் செய்வது ஒன்று. பொருளில்லாச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வது இன்னொன்று, அது மொழி அனுபவத்தை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. மூன்றாவது, சோதித்து, கற்பித்து, மீண்டும் சோதிப்பது: கதையில் "ஏன் அப்படிச் செய்தான்" என்பதைச் சொல்ல இரண்டு அமர்வுகளில் கற்றுக்கொடுத்துவிட்டுப் பார்த்தால், மொழி அனுபவம் மட்டும் குறைவான பிள்ளை சட்டென்று முன்னேறும். குறைபாடுள்ள பிள்ளைக்கு நிறையத் தூண்டுதல் தேவைப்படும், அப்படியும் கற்றது நிற்காது. ஸ்டாண்டர்டு டெஸ்ட் பொருந்தாது என்றால் மாற்று வழிகளில் மதிப்பிடலாம் என்று கலிபோர்னியா விதியே சொல்வதால் "டெஸ்ட் இல்லை" என்பது சாக்கு ஆகாது.

வீட்டிலேயே எழுத்தில்லாப் படக்கதை ஒன்றைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கால் மணி நேரம் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். "அவ வந்தான்", "எனக்கு அடிச்சான்" மாதிரி வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு எச்சரிக்கை: தமிழ் கேட்பது குறைந்துபோன குழந்தைகளுக்கும் இந்தத் தவறு வரும். அதனால் வீட்டில் எத்தனை மணி நேரம் தமிழ், எத்தனை மணி நேரம் ஆங்கிலம், முதல் சொல், முதல் இரட்டைச் சொல் எந்த வயதில், அண்ணன் அக்காவோடு ஒப்பிட்டால் எப்படி என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் சொற்களே தமிழில் தாமதமாக வந்திருந்தால், "ஆங்கிலம் புதிது" என்ற விளக்கம் அங்கேயே உடைந்துவிடும்.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி குறைபாட்டை உண்டாக்காது, கூட்டவும் செய்யாது. குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும்.

அகல்விளக்கு (ஸ்கூல் சைகாலஜிஸ்ட்)

வாசிப்பு பற்றி. இங்கே நடந்த பெரிய பிழை, சந்தேகம் மொழி, வாசிப்பு இரண்டிலும் இருக்கும்போது ஒன்றை மட்டும் மதிப்பிட்டது. சந்தேகப்படும் குறைபாடு தொடர்பான எல்லாத் துறைகளிலும் மதிப்பிட வேண்டும் என்பது விதி.

"சிறு குழுப் பயிற்சி முடியட்டும்" என்று காத்திருக்க வைக்கக் கூடாது. ஆர்.டி.ஐ. (முதலில் பயிற்சி கொடுத்து முன்னேற்றம் பார்க்கும் முறை) படிநிலைகளைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2011 ஜனவரியிலேயே மத்தியச் சிறப்புக் கல்வி அலுவலகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. பயிற்சி நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பயிற்சியும் மதிப்பீடும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒவ்வொரு வாரமும் எடுக்கும் முன்னேற்ற எண்களைக் கேட்டு வாங்கினால் அவையே பின்னால் ஆதாரம் ஆகும்.

கடிதத்தில் "டிஸ்லெக்சியா டெஸ்ட் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் "நாங்கள் டயக்னோஸ் செய்வதில்லை" என்று பதில் வரும். டிஸ்லெக்சியா என்ற சொல்லை ஐ.இ.பி.யில் பயன்படுத்தத் தடையில்லை என்று 2015 அக்டோபரில் மத்தியத் துறை தெளிவுபடுத்தியிருக்கிறது. இருந்தாலும் இப்படி எழுதுங்கள்: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கும் என்று சந்தேகிக்கிறோம், ஒலியுணர்வு, ஒலி நினைவு, விரைந்து பெயர் சொல்லுதல், பொருளில்லாச் சொல் வாசிப்பு, நேரம் வைத்த சொல் வாசிப்பு, பத்தி வாசிப்பு வேகம், எழுத்துக்கூட்டல், வாய்மொழி, கேட்டுப் புரிதல் ஆகியவற்றை மதிப்பிடுங்கள். ஒலிகளைக் கையாளும் திறன் கலிபோர்னியாவில் சட்டப்படியே அடிப்படை உளவியல் செயல்பாடுகளில் ஒன்று. பொருளில்லாச் சொல் வாசிப்பை விட்டுவிடாதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்த சொற்களை வைத்து ஒப்பேற்றும் பிள்ளை அங்கேதான் சிக்கும்.

ஸ்கோர் வித்தியாசம் பற்றிய ஒரு பொறி: கலிபோர்னியாவில் திறனுக்கும் படிப்புக்கும் இடையே 22.5 புள்ளி வித்தியாசம் பார்ப்பது இன்னும் ஒரு வழியாக இருக்கிறது. மொழிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஐ.க்யூ. டெஸ்டின் சொல் சார்ந்த பகுதியே குறைந்துவிடும், மொத்த ஐ.க்யூ. இறங்கும், வித்தியாசமும் சுருங்கி "கற்றல் குறைபாடு இல்லை" என்று வந்துவிடும். சொல் சாராத குறியீட்டை வைத்து ஒப்பிடும்படி முன்கூட்டியே கேளுங்கள். இந்த வித்தியாசம் கட்டாயம் என்று எந்த மாநிலமும் சொல்லக் கூடாது என்பதும், எந்த ஒரே டெஸ்டும் தனியாக முடிவு செய்யக் கூடாது என்பதும் மத்திய விதி.

கற்றல் குறைபாடு என்றால் வழக்கமான வகுப்பறையில் குழந்தையை நேரில் கவனித்த பதிவும் ரிப்போர்ட்டில் வேண்டும், பல ரிப்போர்ட்டுகளில் அது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. முதலில் காது, கண் இரண்டும் சரியா என்று பார்த்துவிடுங்கள். காது டெஸ்ட் பழையதாக இருந்தால் மதிப்பீடு முழுதும் அந்த இடத்தில் நின்றுபோகும்.

"கிரேடு லெவலுக்கு அருகில்" என்பதை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். பரவலாகப் பயன்படும் 2017 ஹாஸ்ப்ரூக்–டிண்டல் வாசிப்பு வேக அட்டவணையில் 2ஆம் வகுப்பின் நடுப்பகுதியில் நடுநிலை மாணவர் நிமிடத்துக்கு 84 சொல் சரியாக வாசிக்கிறார், 25ஆவது பெர்சன்டைலில் 59. உங்கள் பையன் எத்தனை? கிண்டரிலிருந்து 2ஆம் வகுப்பு வரை வாசிப்புச் சிக்கலுக்கான ஸ்கிரீனிங் 2025–26 கல்வியாண்டிலிருந்து கலிபோர்னியாவில் கட்டாயம், அந்த முடிவையும் கேளுங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. ரிப்போர்ட்டைப் பார்த்தேன், லாங்குவேஜ் சாம்பிள் ஒரே வரிதான். காது டெஸ்ட் கிண்டர்கார்ட்டனில் எடுத்தது. பேச்சு மதிப்பீட்டை மீண்டும் செய்யச் சொல்வதா, வெளியே செய்வதா? ஐ.இ.பி. வேண்டாம், 504 பிளான் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள்.

தாமிரபரணி

இரண்டு தனித்தனிக் கடிதங்கள் போடுங்கள், ஒன்றில் கலக்காதீர்கள்.

முதலாவது, நடந்த பேச்சு, மொழி மதிப்பீட்டோடு உடன்படவில்லை, அரசு செலவில் சுதந்திர மதிப்பீடு வேண்டும் என்று. ஐ.இ.இ. என்பார்கள். ஏன் உடன்படவில்லை என்று அவர்கள் கேட்கலாம், ஆனால் காரணம் சொன்னால்தான் தருவோம் என்று நிபந்தனை போட முடியாது. வீண் தாமதமில்லாமல் டிஸ்ட்ரிக்ட் ஒன்று செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்க டியூ பிராசஸ் விசாரணை (பெற்றோர், பள்ளி தகராறைத் தீர்க்கும் சட்ட விசாரணை) கோர வேண்டும். சும்மா "முடியாது" என்று இமெயில் அனுப்பிவிட்டு இருக்க முடியாது. அவர்கள் தரும் பட்டியலில் தமிழ் தெரிந்தவரோ இருமொழிக் குழந்தைகளில் அனுபவமுள்ளவரோ இல்லையென்றால், தேவையைச் சொல்லிப் பட்டியலுக்கு வெளியே கேளுங்கள். ஒரு மதிப்பீட்டுக்கு ஒரு ஐ.இ.இ.தான், ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வாசிப்புக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் புதிய மதிப்பீட்டுக் கோரிக்கை, அகல்விளக்கு சொன்ன துறைகளோடு. பிரின்சிபால், டிஸ்ட்ரிக்ட் சிறப்புக் கல்வி இயக்குநர் இருவருக்கும் ஒரே இமெயில். அது போய்ச் சேர்ந்த 15 நாளில் அசெஸ்மென்ட் பிளான் (எதையெல்லாம் மதிப்பிடுவார்கள் என்ற திட்டம், உங்கள் சம்மதத்துக்கு) வர வேண்டும். உங்களுக்கு யோசிக்க 15 நாள் உண்டு, ஆனால் துறைகள் சரியாக இருந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புங்கள், ஏனென்றால் அது அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் 60 நாள் கணக்கு ஓடும். அதற்குள் மதிப்பீடு முடிந்து கூட்டமும் நடக்க வேண்டும். 5 பள்ளி நாளுக்கு மேற்பட்ட விடுமுறைகள் இரண்டு கணக்கிலும் சேராது, எனவே கோடைக்கு முன் கடைசி வாரத்தில் கேட்டால் கோடை முழுவதும் போய்விடும். பிளானோடு "கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ரிப்போர்ட் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பீட்டுக்குச் சம்மதித்தால் சேவைக்கும் சம்மதித்ததாக ஆகாது, அந்தப் பயம் வேண்டாம்.

504 பற்றி: டெஸ்டில் கூடுதல் நேரம், முன்வரிசை இடம் மாதிரி வசதிகளுக்கு அது நல்லது. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் சிறப்புப் பயிற்சி, அளக்கக்கூடிய இலக்குகள், ஐடியா சட்டப் பாதுகாப்பு இவற்றை அது ஐ.இ.பி. போலத் தராது. எழுத்தொலி தொடர்பே பிடிபடாத பிள்ளைக்கு நேரம் மட்டும் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், "இது ஐ.இ.பி. கோரிக்கைக்கு மாற்று அல்ல" என்று எழுதிவிட்டு.

குறிஞ்சி

ஒன்று சேர்க்கிறேன். கற்றல் குறைபாட்டுத் தகுதி கிடைக்காமல் பேச்சு, மொழித் தகுதி மட்டும் கிடைத்தாலும் ஐ.இ.பி. உண்டு. கலிபோர்னியாவில் ஸ்பீச் சேவை தனியாகவே சிறப்புக் கல்வியாகக் கணக்காகும். அப்போது வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்பது எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி மட்டும் இலக்காக எழுதி முடித்துவிடுவார்கள். உங்கள் பையனுக்குச் சிக்கல் வாக்கியத்தில், கதை சொல்வதில். இலக்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

பனைமரம்

டெக்சாஸிலும் இதே நாள் கணக்கா?

தாமிரபரணி

இல்லை. எழுத்துக் கோரிக்கைக்கு 15 பள்ளி நாளில் பதில், சம்மதம் கிடைத்த பின் 45 பள்ளி நாளில் ரிப்போர்ட், அதற்குப் பின் 30 காலண்டர் நாளில் ஏ.ஆர்.டி. கூட்டம் (ஐ.இ.பி. கூட்டத்துக்கு அங்கே உள்ள பெயர்). பிள்ளை 3 நாளோ அதற்கு மேலோ லீவு எடுத்தால் அந்த 45 நீளும். டிஸ்லெக்சியா சந்தேகம் என்றால் 2023இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் முழு ஐடியா மதிப்பீடுதான், "முதலில் 504 வழியாகப் பார்க்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.